பாலுக்கா, பாங்குக்கா?



எண்ணிப் பாருங்கள்: அரியலூர்ச் சிமெண்டு ஆலையிலே தந்தை, பெரம்பலூரிலே, பிரிந்துவிட்ட தாயிடம் பிள்ளை. 2007-இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் மாவட்டம் பிரிந்தபோது கோப்புகளைப் பங்கிட்டார்கள், முடிந்தது! குடும்பம் பிரிந்தால் அவ்வளவு எளிதா?

“வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டுகிறேன், ஜீவனாம்சத்தைக் குறையுங்கள்” என்கிறான் தந்தை. தவணை தவறினால் பாங்கு அபராதம் போட்டுப் பொறுக்கும். பசித்த பிள்ளை பொறுக்குமா?

1973-ஆம் ஆண்டுச் சட்டம் ஜீவனாம்சத்துக்கு மாதம் 500 ரூபாய் என வரம்பு கட்டிற்று; 2001-இல் அவ்வரம்பு ஒழிந்தது. வரவையும் கடனையும் இருவரும் மறைக்காமல் பத்திரத்தில் காட்டவேண்டுமென 2020-இல் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. நிலைமை மாறினால் தொகையை மாற்றக் கோரவும் சட்டத்தில் இடமுண்டு, இரு தரப்புக்கும்.

வீடு கட்டப் புறப்படும் தோழனே! சம்பளத்திலே முதலில் பிள்ளையின் பங்கை எடுத்துவை. மீதியிலே தவணையைக் கணக்கிடு. இன்றைய தொகையை மட்டும் நம்பிக் கையெழுத்திடாதே. பாலருந்தும் பிள்ளை நாளை பள்ளிக்குப் போகும்.