அளந்து பார்ப்பம்

இலக்கிய நிகழ்ச்சியில் காரின் கிளட்சைப் பற்றிய பேச்சா என்று நீங்கள் கேட்கலாம். நோய் எது, அதன் மூலம் எது, தீர்க்கும் வழி எது என்று வள்ளுவர் மருத்துவனுக்கு வகுத்த ஒழுங்கை நான் ஒரு கராஜில் கண்டேன். அதனால் பேசுகிறேன்.

1958இல் வெளிவந்த ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் ஒரு சின்னஞ்சிறு ஸ்போர்ட்ஸ் கார். அதன் 948 சி.சி. எஞ்சின், நம் வீதிகளில் நன்கு பழகிய மொறிஸ் மைனரின் எஞ்சினுக்கு உடன்பிறப்பு. ஆனால் மைனரின் கிளட்சைக் கம்பிகள் இயக்கும். ஸ்பிரைட்டில் அந்த வேலையை எண்ணெய் அழுத்தம் செய்யும். 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இத்தகைய வேறுபாடுகளைப் பார்க்க வசதியிருக்கவில்லை. கிடைத்ததைப் பூட்டி ஓட்டினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

வெள்ளவத்தையில் என் நண்பர் ஒருவரிடம், தந்தையார் விட்டுச்சென்ற ஸ்பிரைட் இருக்கிறது. பெடலை முழுதாக மிதித்தாலும் கியர் கரகரவென்று அரைக்கும். ஒரு கராஜில், "தட்டுத் தேய்ந்துவிட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்" என்றார்கள். செலவைக் கேட்டதும் காரை விற்றுவிடவே எண்ணினார்.

கொட்டாஞ்சேனையில் முதிய பாஸ் ஒருவரிடம் அவரை அழைத்துப் போனேன்.

"தம்பி, தட்டுத் தேய்ஞ்சால் எஞ்சின் இரையும், வண்டி வேகமெடுக்காது. இது விலகாத கிளட்ச். கழற்ற முன்னம் அளந்து பார்ப்பம்" என்றார்.

பெடலை இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து மிதிக்கச் சொன்னார். குழாயில் காற்றிருந்தால் அப்போது கியர் இலகுவாக விழும், விழவில்லை. கசிவும் இல்லை. பிறகு ஸ்லேவ் சிலிண்டரின் தள்ளுகோல் எவ்வளவு நகர்கிறதென்று அளந்தார். போதாது. சிலிண்டரைக் கழற்றினால், அது வேறொரு வண்டிக்குரியது, உள்விட்டம் அதிகம்.

சிறிய வேறுபாடு என்ன செய்யும் என்கிறீர்களா? ⅞ அங்குலச் சிலிண்டர் இருக்கவேண்டிய இடத்தில் 1 அங்குலச் சிலிண்டரைப் பூட்டினால், அதே மிதிக்குத் தள்ளுகோலின் நகர்வு நூற்றுக்கு 23 பங்கு குறையும். போல்ட் துளைகள் சரியாகப் பொருந்தும்; கிளட்ச் மட்டும் விலகாது.

உரிய அளவில் சிலிண்டர் மாற்றியதும் கியர் ஓசையின்றி விழுந்தது. எஞ்சினை யாரும் தொடவில்லை.

பஞ்சிகாவத்தைக்கு உதிரிப்பாகம் வாங்கப் போகிறவர்கள், பழையதையும் அதற்குரிய அளவையும் கையில் கொண்டு போங்கள். பழையதே பிழையானதாக இருக்கலாம்.