கல்லுக்கு உயிர் வந்த கதை

நாகர்கோவிலில் இருபத்தைந்து வருடமாக மீன் தொட்டி செய்து கொடுப்பது என் தொழில். வீட்டுக்குள் பெரிய கடல் தொட்டி அமைப்பது எப்படி என்று பேச அழைத்திருக்கிறார்கள். கண்ணாடி, மோட்டார், விளக்கு என்று சொல்ல எத்தனையோ உண்டு. ஆனால் என் மனசு எப்போதும் தொட்டிக்குள் இருக்கும் கல்லிடம்தான் போய் நிற்கும். அதனால் மற்றதையெல்லாம் சுருக்கிக்கொண்டு கல்லுக்கு வருகிறேன்.

2016-ஆம் வருடம். என்னோடு படித்த நண்பன் ஒருவன், வேதியியல் ஆசிரியர், பார்வதிபுரத்தில் வீடு கட்டி முடித்திருந்தான். "மக்கா, ஹாலுல ஒரு துண்டு கடல் வேணும்லே" என்றான். ஆறு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம் என்று முடிவு செய்தோம். கேட்கும்போது பெரிதாகத் தெரியாது, கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 கன அடி என்றால் ஏறக்குறைய 680 லிட்டர். கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிடக் கனம். தண்ணீரே 700 கிலோவை நெருங்கிவிடும். கண்ணாடி, இரும்புத் தாங்கி, கல், மணல் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன். மாடியில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஒரு இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

வெறும் கண்ணாடிப் பெட்டியே 120 கிலோ. அதைத் தூக்கி வைத்தது ஆறு பேர்: ஆசிரியர், நான், எலக்ட்ரீஷியன் ஒருவர், அந்த வீட்டைக் கட்டிய கொத்தனார், நண்பனின் மைத்துனன், பிறகு கடியபட்டணத்திலிருந்து வந்த ஒரு அண்ணன். பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பியை முங்கி எடுப்பது அவருடைய தொழில். இந்த அண்ணனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவார்.

அடுத்தது தண்ணீர். "கடல் பக்கத்துலதான கெடக்கு, கொண்டுவந்து ஊத்தினா போதாதா?" என்று நிறைய பேர் கேட்பார்கள். கரையோரத் தண்ணீரில் சேறும் சாக்கடையும் கலந்திருக்கும். சரி, புத்தளம், சாமித்தோப்பு உப்பளத்து உப்பைக் கரைத்து ஊற்றலாமா? அதுவும் ஆகாது. உப்பளத்தில் தண்ணீர் பாத்தி பாத்தியாக வற்றும்போது சுண்ணாம்புச் சத்து முதலிலேயே படிந்துவிடுகிறது. மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு போய்விடுகிறது. நடுவில் விளைவதுதான் நாம் சோற்றில் போடும் உப்பு. சமையலுக்கு அது போதும், கடலுக்குப் போதாது. அதனால் தொட்டிக்கென்றே எல்லாச் சத்தும் சேர்த்து விற்கும் உப்பை வாங்கி, சுத்திகரித்த தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் வீதம் கரைத்தோம். பிறகு தொட்டித் தண்ணீர் ஆவியாகிக் குறையும்போது நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். ஆவியாகப் போனது தண்ணீர். உப்பு உள்ளேயேதான் இருக்கிறது.

மணலைப் பற்றி ஒரு வார்த்தை. தொழில் தொடங்கிய காலத்தில் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலின் அழகில் மயங்கி, அதை ஒரு தொட்டியில் போட்டுவிட்டேன். அதில் இருப்பது இல்மனைட், இரும்பு கலந்த கனிமம். கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு புதுக் கண்ணாடியைக் கோடு கோடாகக் கீறிவிட்டது. அன்றிலிருந்து சுண்ணாம்புக்கல் குருணைதான் போடுகிறேன்.

இனி கல்.

வெளிநாட்டுப் படங்களில் வரும் தொட்டிகளில் பவளப்பாறை வண்ண வண்ணமாக விரிந்திருக்கும். நம் நாட்டில் அதைக் கடலிலிருந்து எடுக்கவே கூடாது. 2001-இல், பாறை கட்டும் பவள உயிர்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கும் அதே அட்டவணை. செத்து வெளுத்த துண்டானாலும் குற்றம்தான். ஒரு நாள் என் கடைக்கு ஒருவர் மீன் பெட்டியில் ஐஸுக்கு அடியில் வெள்ளைப் பவளத் துண்டுகளை மறைத்துக் கொண்டுவந்து விலை கேட்டார். ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தேங்காய் அளவு இருந்தது. உருண்டையாக வளரும் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. அந்தக் கல்லுக்கு என் மகளைவிட வயது கூட இருந்திருக்கும். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தேன்.

அப்படியானால் தொட்டிக்குப் பாறை வேண்டாமா? வேண்டும். நாங்களே வார்த்தோம்.

இந்த யோசனையைச் சொன்னவர் கொத்தனார். நம்மூர்ச் சிப்பி ஓட்டைச் சாக்குச் சாக்காக வாங்கி, வேகவைத்து, காயப்போட்டு, இடித்தோம். சிமென்ட் ஒரு பங்கு, சிப்பித் தூள் இரண்டு பங்கு, கல்லுப்பு ஒரு பங்கு. ஈர மணலில் குழி தோண்டி அதற்குள் ஊற்றினோம். இறுகிய பிறகு தண்ணீரில் போட்டால் உப்பெல்லாம் கரைந்து போய், கல் முழுக்கத் துளைத் துளையாக நிற்கும். தொட்டித் தண்ணீருக்கு ஆகாத அதே உப்பளத்து உப்பு, கல்லுக்குக் கண் திறந்து கொடுத்தது.

சிமென்டில் காரம் அதிகம். அதை அப்படியே மீனோடு போட்டால் மீன் சாகும். மொட்டை மாடியில் பிளாஸ்டிக் தொட்டிகளில் ஊறவைத்து, இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றினோம். ஆசிரிய நண்பன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தண்ணீரின் pH அளவைப் பார்த்து நோட்டில் எழுதுவான். முதல் நாள் 12. கடலுடையது 8-க்குச் சற்று மேல். அந்த இடத்துக்கு இறங்க ஏழு வாரம் ஆனது.

கல்லை அடுக்கிய நாளை மறக்க முடியாது. நான் என் வழக்கப்படி பின்பக்கக் கண்ணாடியோடு சேர்த்து மதில் மாதிரி அடுக்கினேன். கடியபட்டணத்து அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீங்க செவரு கட்டுறீங்க. கடலுல கல்லு இப்பிடி நிக்காது. நீவாடு பாஞ்சு போவ வழி விடணும்." நீவாடு என்றால் நீரோட்டம், எங்கள் கடற்கரைப் பேச்சு. அவர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தோள் வரை கையை விட்டு எல்லாவற்றையும் பிரித்தார். மூன்று கல்லில் கால் வைத்து, மேலே ஒன்றைப் பாலமாகப் போட்டு, அடியில் குகை விட்டு, இரண்டு திட்டாக நிறுத்தினார். மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் ஒவ்வொரு இடுக்கிலும் புகுந்து வெளியே வந்தது. முப்பது வருடம் கடலுக்கடியில் பார்த்ததை அவர் கை அப்படியே நினைவில் வைத்திருந்தது.

அதற்குப் பிறகு காத்திருப்பு. நேயர்களே, கடல் தொட்டியில் தோற்கிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கிறார்கள். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். மறுநாளே மீன் விடத் தோன்றும். விடாதீர்கள். மீனின் கழிவு அம்மோனியாவாக மாறும், அது நஞ்சு. அதைத் தின்று நைட்ரைட்டாக்கும் பாக்டீரியா ஒன்று, அதையும் தின்று நைட்ரேட்டாக்கும் பாக்டீரியா இன்னொன்று. இரண்டும் கல்லின் துளைகளில் குடியேற வேண்டும். என் கடையின் பழைய தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடிக் குருணையை எடுத்துப் போட்டோம். பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரி. தீனிக்கு ஒரு துண்டு இறால். ஆறு வாரம் வெறும் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் கல்லில் தவிட்டு நிறத்தில் ஒரு படலம், பிறகு பச்சை. மாதங்கள் கழித்து ஒரு கல்லின் ஓரத்தில் ரோஜா நிறத்தில் நகக்கண் அளவு ஒரு புள்ளி. அது சுண்ணாம்புப் பாசி. ஆசிரிய நண்பன் இரவு பதினோரு மணிக்கு போன் பண்ணினான்: "மக்கா, கல்லுக்கு உசிரு வந்திட்டுலே!"

மீனைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோமாளி மீன் ஒரு ஜோடி விட்டோம். விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி மையங்கள் இந்த மீனைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்திருக்கின்றன. வாங்கும்போது, பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

2017 நவம்பர் 30, ஒக்கி புயல். கடலுக்குப் போனவர்களைத் தேடி எங்கள் கடற்கரை முழுவதும் அழுத நாட்கள் அவை. அந்தத் துயரத்துக்குப் பக்கத்தில் ஒரு தொட்டியின் கதையை வைக்க எனக்கு மனம் வரவில்லை. பயன்படும் என்பதால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாள் கணக்கில் கரண்ட் இல்லை. பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டாரை வைத்து நண்பர்கள் முறை போட்டுக் காவல் இருந்தோம். தொட்டி பிழைத்தது. அந்த மோட்டார் இல்லாமல் கடல் தொட்டி தொடங்காதீர்கள்.

அடுத்த வருடம் அந்த ஜோடி, கொத்தனார் வார்த்த கல்லிலேயே முட்டையிட்டது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு. ஆண் மீன் ஒரு வாரமும் அங்கேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது. கடைசி நாட்களில் ஒவ்வொரு முட்டைக்குள்ளும் வெள்ளியாக இரண்டு கண்கள். கடியபட்டணத்து அண்ணன் அதைப் பார்க்கவென்றே பஸ் ஏறி வந்தார்.

நேரம் நெருங்கிவிட்டது. கனம் தாங்கும் தரை, சரியான உப்பு, நாமே வார்த்த கல், ஆறு வார அமைதி, தோள் கொடுக்க நண்பர்கள். இவ்வளவுதான். மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் பவளப்பாறையை வெட்டிச் சுண்ணாம்பு சுட்டார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் இன்று தண்ணீருக்குள் இருக்கின்றன. கடலில் இருக்கும் கல் கடலிலேயே இருக்கட்டும். வீட்டுக்கு வேண்டியதை நாம் வார்த்துக்கொள்வோம்.