புகாரை எப்படிக் கட்டப் போகிறோம்?



நம் திருக்கடையூருக்கு நாள் தவறாமல் வெளியூர்க் குடும்பங்கள் வருகின்றன. அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் முடிகிறது. அபிராமியைக் கும்பிட்டு, பந்தியில் சாப்பிட்டு எழுந்ததும் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள், பக்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று. பூம்புகாருக்குப் போய் வாருங்கள் என்று நாம்தான் அனுப்பி வைக்கிறோம். அங்கே போனவர்கள் 1973-இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைப் பார்க்கிறார்கள். கடலில் கால் நனைக்கிறார்கள். பிறகு கேட்கிறார்கள்: பழைய பட்டினம் எங்கே? நாம் கடலைக் கைகாட்டுகிறோம். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பதில் போதுமா?

போதாது. அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்ல இன்று ஒரு கருவி இருக்கிறது. மெய்நிகர்க் காட்சி என்கிறோம், பிள்ளைகள் வி.ஆர். என்கிறார்கள். தலையில் மாட்டும் அந்த ஹெட்செட் இரண்டு கண்ணுக்கும் இரண்டு படங்களைத் தனித்தனியே காட்டுகிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் கூடவே திரும்புகிறது. நிமிர்ந்தால் மாடம், குனிந்தால் தெருமண். சற்று நேரத்தில் மூளை அதை இடம் என்றே ஏற்றுக்கொள்கிறது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை பூம்புகாரை டிஜிட்டலில் மீட்டுருவாக்கும் திட்டம் ஒன்றை அறிவித்தது. பாரதிதாசன் பல்கலைக்கழகம், அழகப்பா பல்கலைக்கழகம், சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் எனப் பல நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. 2025-இல் தமிழ்நாடு தொல்லியல் துறையும் பூம்புகார்க் கடலில் ஆய்வைத் தொடங்கியது. ஆக, புகார் ஒருநாள் அந்த ஹெட்செட் கண்ணாடிக்குள் எழத்தான் போகிறது. எதைக் கொண்டு எழுப்பப் போகிறோம் என்பதுதான் என் கவலை.

கையில் இருப்பது என்ன? 1960-களில் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கீழையூரில் ஒரு படகுத்துறை வெளிப்பட்டது. செங்கல் கட்டுமானம், இன்றைய சூளைக் கல்லைவிட மிகப் பெரிய கற்கள். பக்கத்தில் படகு கட்ட நட்ட மரக்கம்பங்களின் அடிப்பகுதி அப்படியே நின்றது. அந்த மரத்தைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பினார்கள், கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டிய காலம் என்று வந்தது. நினைத்துப் பாருங்கள். அசோகர் பாடலியில் ஆண்ட காலத்தை ஒட்டி, நம் பக்கத்து ஊரில் ஒருவர் அந்தக் கம்பத்தில் கயிறு சுற்றிப் படகைக் கட்டியிருக்கிறார்! வானகிரியில் ஒரு நீர்த்தேக்கம் கிடைத்தது. பல்லவனேச்சரத்தில் ஒரு புத்த விகாரம் கிடைத்தது. கடலுக்குள் 1981 முதல் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனம் மூழ்கித் தேடியது. சுமார் 23 மீட்டர் ஆழத்தில் குதிரை லாட வடிவில் ஒன்றைக் கண்டார்கள். அது மனிதர் கட்டியதா, இயற்கையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. அதே கடலில் கிடைத்த உடைந்த கப்பலின் ஈயக்கட்டிகளில் 1791, 1792 என்று ஆண்டு பொறித்திருந்தது. கடலடியில் கிடப்பதெல்லாம் கரிகால் சோழன் காலத்தது அல்ல, ஐயா!

மண்ணுக்குள் கிடைத்தது இவ்வளவு. இனிப் புலவர்கள் தருவது. பட்டினப்பாலை துறைமுகத்தையே கண்முன் விரிக்கிறது. கடலில் வந்த குதிரை, வண்டியில் வந்த மிளகுப் பொதி, ஈழத்து உணவு, கடாரத்துப் பொருள், புலிச்சின்னம் பொறித்துக் குவித்த மூட்டைகள். சிலப்பதிகாரம் மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என்று ஊரை இரண்டாகப் பிரித்து, நடுவில் நெருங்கி நின்ற மரங்களையே தூண்களாகக் கொண்ட நாளங்காடியை வைக்கிறது. கணினியில் நகரம் வரைபவர்க்கு இதைவிடத் தெளிவான குறிப்பு யார் தருவார்?

ஆனால் ஏழுநிலை மாடம்? தோண்டிய இடத்தில் அதன் அடித்தளம் இன்றுவரை கிடைக்கவில்லை. கூரை ஓடா, கீற்றா? தெரு எத்தனை முழ அகலம்? அதையெல்லாம் ஓவியர் ஊகித்துத்தான் வரைய வேண்டும். ஊகிப்பது குற்றமில்லை. ரோமாபுரியை கி.பி. 320-இல் இருந்தபடி கணினியில் எழுப்பும் பணியை பெர்னார்ட் ஃபிரிஷர் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 1996-இல் தொடங்கினார்கள். அதில் சுமார் 7,000 கட்டடங்கள் இருக்கின்றன. துல்லியமாகத் தெரிந்தவை அவற்றில் மிகச் சிலவே. மற்றவை எல்லாம் பழைய பட்டியல்களை வைத்து ஊகித்தவை. அந்தக் குழு இரண்டையும் தனித்தனி வகையாகப் பிரித்து வெளிப்படையாகச் சொன்னது. இதையே அறிஞர்கள் கூடி லண்டன் சாசனம் என்று விதியாக எழுதினார்கள். 2009-இல் அதைத் திருத்தியும் வெளியிட்டார்கள். எது சான்று, எது கருதுகோள் என்பது பார்ப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும் என்கிறது அது.

நமக்கும் அதுதான் வேண்டும் என்று இந்த மேடையில் கேட்கிறேன். கீழையூர்த் துறையைச் செங்கல் செங்கல்லாகத் திண்மையாகக் காட்டுங்கள். புலவர் சொன்னதை வேறு நிறத்தில் காட்டுங்கள். வரைந்தவர் ஊகத்தை வெறும் கோட்டால் காட்டுங்கள். ஒரு பொத்தானைத் தொட்டால் ஊகமெல்லாம் மறைந்து சான்று மட்டும் நிற்கட்டும். நெல்லும் பதருமாக அளந்து போட்டால் வாங்குகிறவன் மறுமுறை வரமாட்டான் என்பது இந்தத் தஞ்சைச் சீமைக்குத் தெரியாததா? புகார் நகரத்துக்கு 15,000 வயது என்று செய்தி வந்ததும் நம்மில் பலர் கைதட்டினோம். அந்தக் காலத்தில் கடல்மட்டம் சுமார் 100 மீட்டர் தாழ்ந்திருந்தது உண்மை. அன்றைய கரை இன்றைய கடலுக்குள் வெகுதூரம் தள்ளி இருந்ததும் உண்மை. அங்கே நகரம் இருந்தது என்பதற்கு மண்ணிலிருந்து சான்று வேண்டும். அது வருமுன் கண்ணாடிக்குள் காட்டிவிட்டால், அதைப் பார்த்த பிள்ளைக்கு அதுவே வரலாறு. பிறகு எந்த ஆசிரியராலும் அதை அழிக்க முடியாது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டின் படகுத்துறை நமக்குச் சிறுமையா?

இன்னொன்று. இதைச் சொல்லும்போது நெஞ்சு கனக்கிறது. நகரம் அழிந்த காட்சியை ஒரே பேரலையாகக் காட்டத்தான் எவருக்கும் ஆசை வரும். மணிமேகலையும் கடல்கோளைச் சொல்கிறது. ஆய்வாளர்களோ நூற்றாண்டுக் கணக்கான கரை அரிப்பையும், கடல்மட்ட மாற்றத்தையும், காவிரி தடம் மாறியதையும் காரணமாகச் சொல்கிறார்கள். கடல் மெல்ல மெல்லத் தின்பதைப் பார்க்க வேண்டுமானால் தரங்கம்பாடிக்குப் போங்கள். குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 2004 டிசம்பர் 26-இல் இந்தக் கரையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் இன்றும் நம்மோடு இருக்கிறார்கள். அந்த வீட்டுப் பேரன் தலையில் கண்ணாடியை மாட்டி, சான்றில்லாத ஒரு பேரலையை அவன் மேல் விட நமக்கு உரிமை கிடையாது.

அந்தக் கரைக்காரர்களைக் கேட்காமல் இந்த வேலை நடக்கவும் கூடாது. கடலுக்கடியில் எங்கே பாறைப்பார் இருக்கிறது, வலை எங்கே மாட்டிக் கிழிகிறது என்று பூம்புகார், வானகிரி மீனவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். சோனார் கருவியோடு வரும் படகில் அவர்களுக்கும் ஓரிடம் கொடுங்கள். முடிந்த காட்சியை முதலில் நம் ஒன்றியத்திலுள்ள அரசுப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், தமிழ்க் குரலில், காசு வாங்காமல். தில்லியிலும் சென்னையிலும் பிறகு பார்த்துக்கொள்ளட்டும்.

முதல் வேலை கடலிலும் இல்லை, கணினியிலும் இல்லை. கீழையூர், வானகிரி, பல்லவனேச்சரம் மூன்றையும் லேசர் கருவியால் அங்குலம் விடாமல் அளந்து பதிவு செய்ய வேண்டும். மழையும் உப்புக்காற்றும் ஆண்டுதோறும் அந்தச் செங்கல்லை உதிர்க்கின்றன. அடுத்த ஐப்பசி அடைமழைக்கு முன் அதை முடிக்கக் கோரி மாவட்ட ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறோம். வாசலில் மேசை மேல் இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள்.