குறிப்பறிதலும் பறவைகளும்



திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்னும் அதிகாரப் பெயர் இருமுறை வருகிறது: பொருட்பாலில் 71ஆம் அதிகாரம், காமத்துப்பாலில் 110ஆம் அதிகாரம். முகத்தையும் கண்ணையும் கொண்டு பிறர் உள்ளத்தை உணர்வதே குறிப்பறிதல். இவ்வாற்றல் பறவைகளுக்கும் உண்டா என்பதே இன்றைய வினா.

2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது, நம் லிட்டில் இந்தியாவின் சோதிடக் கிளியான மணி உலகப் புகழ் பெற்றது. காலிறுதி ஆட்டங்கள் நான்கிலும் அது எடுத்த சீட்டுப் பலித்தது. இறுதியாட்டத்திற்கு அது நெதர்லாந்தைத் தேர்ந்தது, வென்றதோ ஸ்பெயின். சீட்டை எடுத்தது கிளி. அதற்குப் பொருள் தந்தவர்கள் நாம். பறவையின் அறிவை ஆராய்வோர் முதலில் விலக்க வேண்டிய பிழை இதுவே: நம் எண்ணத்தை அதன்மேல் ஏற்றுதல்.

பின் எவ்வாறு ஆராய்வது? 2001இல் நிக்கோலா கிளேட்டனும் நேதன் எமரியும் காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்க்ரப் ஜே பறவைகளை ஆராய்ந்தனர். தாம் இரையை ஒளித்ததை வேறொரு பறவை பார்த்திருந்தால், தனித்திருக்கும் வேளையில் அவை அவ்விரையை வேறிடத்திற்கு மாற்றின. முன்பு பிறர் இரையைத் திருடிய பறவைகளே அவ்வாறு செய்தன, திருடியறியாதவை செய்யவில்லை. பாம்பின் கால் பாம்பறியும் அன்றோ!

எனினும் ஓர் ஐயம் எழுந்தது. அப்பறவைகள் அறிந்தது மற்றதன் உள்ளத்தையா, அல்லது கண்முன் தெரிந்த அதன் தலையசைவையும் பார்வையையும் மட்டுமா?

2016இல் தாமஸ் பூக்னியார் குழுவினர் இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தனர். ரேவன் என்னும் பெருங்காக்கைகளுக்கு, சிறு துளை வழியே அடுத்த அறையைப் பார்க்கப் பழக்கினர். பின்னர், அடுத்த அறையில் காக்கை எதுவும் இல்லாமலே, காக்கையின் ஒலியை மட்டும் இசைத்தனர். துளை திறந்திருந்தபோது, யாரோ பார்ப்பதைப் போலவே அவை இரையை விரைந்து ஒளித்தன; மூடியிருந்தபோது அவ்வாறு செய்யவில்லை. படிப்பதற்கு முகமே இல்லாத இடத்திலும், தம் அனுபவத்தைக் கொண்டு பிறர் பார்க்கக்கூடும் என்பதை அவை உய்த்துணர்ந்தன என ஆய்வாளர் கருதினர்.

காக்கையும் நம்மைப் போலவே சிந்திக்கிறது என்று இதனால் நிறுவிவிட முடியாது. ஆயினும் குறியைக் காண்பது வேறு, குறிப்பை அறிவது வேறு என்பதை இவ்வாய்வு தெளிவாக்குகிறது.

மாணவர்களே, தேக்காவில் இரை தேடும் காகத்தைக் கண்டால், 'அது நினைக்கிறது' என்று எழுதுமுன், அது கண்டது எது, கேட்டது எது, செய்தது எது என்று தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். சக மாணவரின் மௌனத்திற்குப் பொருள் கூறும்போதும் இந்த நிதானம் உதவும்.