பள்ளி வாயிலைக் கடக்குமுன்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில், மேல்நிலை இரண்டாம் ஆண்டை நிறைவு செய்யும் மாணவர்களுக்கும் அவர்தம் பெற்றோர்க்கும் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

மகாவீரர் ஜெயந்தி பெரும்பாலும் பங்குனியின் பிற்பகுதியிலோ சித்திரையின் தொடக்கத்திலோ வருகிறது. மேல்நிலைப் பொதுத்தேர்வு முடிவதும் ஏறக்குறைய அதே காலம்தான். கடைசித் தேர்வு முடிந்த பிற்பகலில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பேருந்து நிறுத்தங்களில், சீருடைச் சட்டை முழுதும் நண்பர்களின் கையெழுத்தோடு நிற்கும் பிள்ளைகளைக் காணலாம். அந்தச் சட்டையில் எழுதிய பெயரில் ஓர் எழுத்துப் பிழைத்தால் எவருக்கும் கேடில்லை. ஆனால் அதே பெயர் வேறு சில தாள்களிலும் எழுதப்பட்டிருக்கிறது. அத்தாள்களைப் பற்றியதே இவ்வுரை. நன்றாகப் படிக்க வேண்டும், பெற்றோரை மதிக்க வேண்டும் என்னும் அறிவுரைகளை இப்பிள்ளைகள் பன்னிரண்டு ஆண்டுகள் கேட்டுவிட்டார்கள். இன்னொரு முறை கேட்கத் தேவையில்லை.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வந்த ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். தாத்தாவின் பள்ளிச் சான்றில் வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கும். 1989-இல் அம்மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் உருவாயிற்று. பின்னர் அதுவே திருவண்ணாமலை மாவட்டம் ஆயிற்று. அம்பத்தூரில் படித்த தந்தையின் சான்றில் செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்று இருக்கும். 1997-இல் திருவள்ளூர் தனி மாவட்டமானது. எனவே 2008-ஐ ஒட்டிப் பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்றில் அம்பத்தூர் நகராட்சி, திருவள்ளூர் மாவட்டம் என்று காணப்படும். 2011-இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2018-இல் அம்பத்தூர் வட்டமே சென்னை மாவட்டத்திற்குள் வந்துவிட்டது. வீடு மாறவில்லை, தெரு மாறவில்லை. மூன்று தலைமுறைத் தாள்களில் நான்கு மாவட்டப் பெயர்கள்! இதற்கிடையே ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே நிற்கின்றன. அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு வீடு மாறியவர் தொடர்வண்டியில் சில நிறுத்தங்களே கடந்தார். வட்டாட்சியரும் மாவட்ட ஆட்சியரும் மாறிவிட்டார்கள்.

மாவட்டப் பெயர் மாறியதால் பழைய சான்று செல்லாததாகிவிடாது. எனினும், இணையவழி விண்ணப்பத்தில் மாவட்டம், வட்டம் என்ற கட்டங்களை நிரப்பும் பிள்ளை, பழைய சான்றைப் பார்த்து ஒன்றையும் இன்றைய முகவரியைப் பார்த்து மற்றொன்றையும் தேர்ந்துவிட்டால், சரிபார்ப்பவர் ஐயுறுவதில் வியப்பில்லை. தற்போது குடியிருக்கும் இடத்தின் வட்டாட்சியர் அலுவலகம் எது, சொந்த ஊர் எந்த வட்டத்தில் உள்ளது என்ற இரண்டையும் பெற்றோர் ஒரு தாளில் தெளிவாக எழுதிப் பிள்ளையின் கையில் கொடுத்துவிடுவது நல்லது.

அடுத்தது பெயர். சமணக் குடும்பங்களின் பெயர்கள் அழகானவை. ஆனால் எழுதுபவர் கையில் பெரும்பாடு படுபவை. அப்பாண்டைராஜன் என்ற பெயர் ஒரு சான்றில் ஒரே சொல்லாகவும், மற்றொன்றில் அப்பாண்டை என்றும் ராஜன் என்றும் இரண்டாகவும், மூன்றாவதில் இறுதி எழுத்தை இழந்து அப்பாண்டைராஜ் என்றும் வருகிறது. தன்யகுமார், தரணேந்திரன் முதலிய பெயர்களின் முதல் எழுத்து ஆங்கிலத்தில் டி என்றும், டிஎச் என்றும், டிஎச்சைத் திருப்பிப் போட்டாற்போல டி-க்கு மாறாக வேறு எழுத்தாகவும் வருவதுண்டு. தலைப்பெழுத்தின் கதை தனி. தமிழ் வழக்கில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும். ஆதார் அட்டையில் அது பின்னே போயிருக்கும். கடவுச்சீட்டிலோ தந்தையின் முழுப்பெயரே குடும்பப் பெயராகிவிடும்.

இவ்விடத்தில் உ.வே. சாமிநாதையரை நினைக்காமல் இருக்க இயலாது. சீவக சிந்தாமணியை அச்சிட முனைந்த அவர், பல ஊர்களிலிருந்து ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் பெற்று ஒப்பிட்டார். சமணக் கோட்பாடுகள் விளங்காத இடங்களில் கும்பகோணத்துச் சமணப் பெரியோர்களை நாடிக் கேட்டுத் தெளிந்தார். 1887-இல் நூல் வெளிவந்தது. ஒரு சுவடியில் ஒரு சொல், மற்றொன்றில் வேறு சொல் என்னும் பாடபேதம் புலவர்க்கு விருந்து. மாணவரின் சான்றிதழில் பாடபேதம் வந்தால், அதைச் சுவைத்து ஆராயும் பொறுமை எந்த அலுவலகத்துக்கும் இல்லை.

எந்தத் தாளை மூலபாடமாகக் கொள்வது என்ற வினா எழும். நடைமுறையில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றே அந்த இடத்தைப் பெறுகிறது. பெயருக்கும் பிறந்த நாளுக்கும் பெரும்பாலான நுழைவுத் தேர்வுகளும் கல்லூரிகளும் அதையே நோக்குகின்றன. ஆகவே அச்சான்றில் உள்ள எழுத்துகளை அப்படியே, இடைவெளியும் புள்ளியும் மாறாமல், மற்றவற்றிலும் அமைத்துக்கொள்வதே எளிய வழி. அதாவது ஆதாரைத் திருத்த வேண்டும். வங்கிக் கணக்கைத் திருத்த வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிலேயே பிழை இருந்தால் பள்ளித் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்தை அணுக வேண்டும். பிள்ளை அப்பள்ளியின் மாணவராக இருக்கும்போது இது ஒப்பளவில் எளிது. விலகிய பிறகு அலைச்சல் மிகுதி. சோதிடர் சொன்னார் என்று பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்ள விரும்புவோர், அதற்கு அரசிதழ் அறிவிப்பு என்றொரு நெடுவழி உண்டு என்பதை அறிந்து, பின்னர் முடிவு செய்யலாம். ஊழ்வினையை ஓர் எழுத்து மாற்றும் என்று எந்த ஆகமமும் கூறவில்லை.

இனிச் சொல்லப்போவது இச்சமுதாயத்திற்கே உரியது. 1992-ஆம் ஆண்டின் தேசியச் சிறுபான்மையினர் ஆணையச் சட்டத்தின்கீழ் முதலில் ஐந்து சமயத்தினரே சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டனர். ஜைனர் ஆறாவதாகச் சேர்க்கப்பட்டது 2014 சனவரியில். அதற்கு முன் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகள் பலர். இன்று மேல்நிலைப் படிப்பை முடிப்பவர்களில் பெரும்பாலோர் அந்த ஆண்டுக்கு முன்பின்னாகவே முதல் வகுப்பில் அடியெடுத்து வைத்தவர்கள். சேர்க்கைப் படிவத்தில் சமயம் என்ற கட்டத்தில் தந்தை எழுதியது என்ன? சிலர் ஜைனம் என்றார்கள், சிலர் சமணம் என்றார்கள், சிலர் ஜெயின் என்றார்கள். விவரம் கேட்காமலேயே பள்ளியில் இந்து என்று எழுதிக்கொண்டதும் உண்டு. நயினார் என்பதே நைனார் என்றும் எழுதப்படுகிறது.

சாதிச் சான்றும் சமயச் சிறுபான்மைத் தகுதியும் ஒன்றே என்று எண்ணுவது பரவலான பிழை. முன்னது மாநில அரசின் வகுப்புப் பட்டியலைச் சார்ந்தது. வட்டாட்சியர் அலுவலகத்தில் தந்தைவழிச் சான்றுகளின் துணையோடு பெறுவது. பின்னது சமயத்தைச் சார்ந்தது. சென்னையில் ஜைனர் நிறுவிய கல்லூரிகள் உள்ளன. மீனம்பாக்கத்தில் 1952-இல் தொடங்கிய அகர்சந்த் மான்மல் ஜெயின் கல்லூரி அவற்றுள் மூத்தது. சமயச் சிறுபான்மைக் கல்லூரிகள் தம் இடங்களில் ஒரு பகுதியை அச்சமய மாணவர்க்கென ஒதுக்குவது வழக்கம். அவ்விடங்கள் வடநாட்டிலிருந்து வந்த ஜைனர்க்கே உரியவை என்று பல தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்னும் எண்ணி ஒதுங்கியிருக்கின்றன. அது தேவையற்ற கூச்சம். ஆனால் விண்ணப்பிக்கும்போது பிள்ளையின் பள்ளிப் பதிவில் வேறு சமயம் எழுதப்பட்டிருந்தால் என்ன சொல்வது?

மாற்றுச் சான்றிதழ் எழுதப்படும் நேரம்தான் இதைச் சீர்செய்யத் தக்க நேரம். பள்ளியில் பிள்ளையைப் பற்றி எழுதப்படும் கடைசித் தாள் அது. தேர்வு முடிவு வந்ததும் எல்லோரும் ஒரே நாளில் திரள்வதால் எழுத்தர் விரைந்து எழுதுவார். அதற்கு முன்னரே, வட்டாட்சியர் வழங்கிய சாதிச் சான்றின் நகலோடு தலைமையாசிரியருக்கு ஒரு பணிவான கடிதம் கொடுத்துவிட வேண்டும். சமயத்துக்கும் வகுப்புக்கும் எந்தச் சொல் என்று ஐயம் எழுந்தால் சாதிச் சான்றில் உள்ள சொல்லையே கொள்வது முறை. ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு சொல், தங்கைக்கு ஒரு சொல் என்று இருக்கலாகாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் ஜைனர் தொகை 89,265. இதில் வணிகத்தின் பொருட்டு வடக்கிலிருந்து வந்து குடியேறியோரும் அடக்கம். பள்ளிப் படிவத்தில் சமயத்தைத் தவறாக எழுதவிட்ட கை, கணக்கெடுப்பாளரிடமும் அவ்வாறே இருந்துவிடும் அன்றோ? மேல்சித்தாமூரும் திருப்பருத்திக்குன்றமும் பொன்னூர் மலையும் எங்கே இருக்கின்றன என்று தமிழ்நாட்டிலேயே பலர் வினவுகிறார்கள். ஒரு பிள்ளையின் மாற்றுச் சான்றில் உள்ள ஒரு சொல்லுக்கும் அந்த வினாவுக்கும் தொடர்பு உண்டு.

மற்றவற்றை விரைந்து கூறலாம். பொறியியல் கலந்தாய்வுக்கான இணையப் பதிவு பெரும்பாலும் மே மாதத்தில் தொடங்கிவிடும். கணிதம் நூற்றுக்கும், இயற்பியலும் வேதியியலும் ஐம்பது ஐம்பதுக்கும் குறைக்கப்பட்டு 200-க்குத் தரவரிசை அமையும். சான்றுகளை அப்போதே பதிவேற்ற வேண்டும். தரவரிசை வந்தபின் சாதிச் சான்றுக்கு விண்ணப்பித்துக் கொள்ளலாம் என்று இருந்தால் காலம் கடந்துவிடும். வருமானச் சான்று ஓராண்டுக்கே செல்லும். சென்ற ஆண்டு அண்ணனுக்கு வாங்கியது இவ்வாண்டு தம்பிக்கு உதவாது. முதல் பட்டதாரிச் சலுகைக்குத் தனிச் சான்று வேண்டும். ஆசிரியர் குடும்பங்கள் மிகுந்த சமுதாயமாதலால் அதைக் கேட்கும் வாய்ப்பு இங்குக் குறைவே. எனினும் ஊரில் உழவை நம்பியிருந்து வந்த வீடுகளில் அதற்குரிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அவர்களில் சிலர் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்திருப்பர். முதலில் ஊர்ப் பள்ளியில், பிறகு ஆவடியிலோ அம்பத்தூரிலோ. 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டுக்கும், மாணவியர்க்கான புதுமைப்பெண், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் என்னும் மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டங்களுக்கும் அவ்வாண்டுகள் அனைத்துக்கும் சான்று தேவை. ஊர்ப் பள்ளிச் சான்றைப் பெற ஒருமுறை வந்தவாசிக்கோ செஞ்சிக்கோ போய்வர வேண்டியிருக்கும். கோடை விடுமுறையில் குலதெய்வத்தையும் ஊர் ஜினாலயத்தையும் வழிபடச் செல்லும் குடும்பங்கள் அந்தப் பயணத்திலேயே இதையும் முடித்துக்கொள்ளலாம். பள்ளி அலுவலகம் திறந்திருக்கும் நாளாகப் பார்த்துச் செல்ல வேண்டும், அவ்வளவே.

பதினெட்டு நிறைந்தோர் வாக்காளர் பட்டியலில் சேர வேண்டும். இப்போது சனவரி, ஏப்ரல், சூலை, அக்டோபர் முதல் நாள்கள் நான்கும் தகுதி நாள்களே.

2015-ஆம் ஆண்டு திசம்பரிலும் 2023-ஆம் ஆண்டு திசம்பரிலும் வந்த வெள்ளத்தை இப்பகுதி மக்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. கட்டிலடிப் பெட்டியிலும் அலமாரியின் கீழ்த்தட்டிலும் வைத்த சான்றுகள் ஊறிப்போயின. ஏட்டுச் சுவடிகளை எண்ணெய் பூசிப் பரணில் காத்தவர்களின் வழிவந்தோர் சான்றுகளை நெகிழி உறையிலிட்டு மேல்தட்டில் வைக்கலாம். டிஜிலாக்கரிலும் ஒரு படியைச் சேர்த்துக்கொள்ளலாம். கல்லூரியில் மூலச் சான்றை ஒப்படைக்குமுன் ஐந்தாறு நகல்கள் எடுத்துக்கொள்ள மறவாதிருக்க வேண்டும்.

தேர்வில் ஒரு பாடம் தவறிப்போன பிள்ளையும் இந்த அவையில் இருக்கக்கூடும். முடிவு வெளியான சில வாரங்களிலேயே துணைத்தேர்வு நடைபெறும். அதே ஆண்டே கல்லூரியில் சேர வழியுண்டு. அன்று அப்பிள்ளையிடம் மதிப்பெண் கேட்டுத் தொலைபேசியில் அழைக்கும் உறவினர்கள் ஒரு வாரம் பொறுத்துக்கொள்வது பெரிய தானம். அபயதானம் என்பதற்கு வேறு பொருள் தேட வேண்டாம். மனம் மிகவும் தளர்ந்தால் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை எந்நேரமும் கிடைக்கும். பிள்ளை தயங்கினால் பெற்றோரே அழைக்கலாம்.

வெளியூர் விடுதிக்குச் செல்வோர்க்கு ஒரு சொல். சென்னையில் சூரியன் கார்த்திகையில் ஐந்தே முக்கால் மணியளவில் மறைகிறது. ஆடியிலும் ஆறரையைச் சற்றே கடக்கிறது. விடுதிகளில் இரவு உணவு பெரும்பாலும் ஏழு மணிக்கு மேல்தான். வீட்டில் இருட்டுமுன் உண்டு பழகிய பிள்ளை முதல் வாரத்திலேயே தடுமாறும். விடுதிக் கட்டணம் செலுத்துமுன் உணவகப் பொறுப்பாளரைச் சந்தித்து, மாலையில் முன்கூட்டியே உணவு பெற இயலுமா, வெங்காயமும் கிழங்கும் இல்லாத ஒரு கறியேனும் கிடைக்குமா என்று கேட்டுவிட வேண்டும். நாலைந்து மாணவர் சேர்ந்து எழுதிக் கேட்டால் இசைவு கிடைப்பது எளிது. கிடைக்காத இடத்தில் பிள்ளை எவ்வளவு கடைப்பிடிப்பது என்பதைத் தாயும் பிள்ளையும் புறப்படுமுன் மனம்விட்டுப் பேசி முடிவு செய்யட்டும். பசியோடு படுத்துவிட்டுச் சாப்பிட்டதாகத் தொலைபேசியில் பொய் சொல்லும் நிலைக்குப் பிள்ளையைத் தள்ளக்கூடாது.

உரை முடிந்ததும் பெற்றோர் தம் பிள்ளையின் பத்தாம் வகுப்புச் சான்றையும் ஆதார் அட்டையையும் சாதிச் சான்றையும் இன்றிரவே ஒரே மேசையில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக. பிழை தென்பட்டால், பள்ளி அலுவலகம் திறந்திருக்கும் அடுத்த வேலை நாளில் காலையிலேயே தலைமையாசிரியரைச் சென்று காண வேண்டும்.