எழுந்து நடக்க ஒரு கை

(கும்மிடிப்பூண்டி வட்டார ஆதரவாளர் கூடுகையில் நமது பிசியோதெரபிஸ்ட் அளித்த செய்தி)



சிப்காட் ஆலைகளில் உழைத்து ஓய்ந்தவர்களும், அறுபதைத் தாண்டியும் வாட்ச்மேன் வேலைக்குப் போகிறவர்களும் உங்கள் சபைகளில் உண்டு. ஜி.என்.டி. ரோட்டில் சைக்கிளிலிருந்து விழுந்தோ, குளியலறையில் வழுக்கியோ அவர்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தால், ஆபரேஷன் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். மெய்யான போராட்டம் அதன் பிறகே. "வயசாயிடுச்சு, அப்பா படுத்தே இருக்கட்டும்" என்று பிள்ளைகள் அன்போடுதான் சொல்லுகிறார்கள். ஆனால் அந்த அன்பே அவரை முடக்கிவிடக்கூடும்.

2007ல் வெளியான ஓர் ஆய்வில், சுகமாயிருந்த முதியோர் பத்து நாள் படுத்திருந்ததில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசையை இழந்தார்கள். முறிவு கண்டவருக்குப் படுக்கைப்புண், நெஞ்சுச் சளி, இரத்தக்கட்டு ஆகிய ஆபத்துகளும் உண்டு. ஆகவே டாக்டர் அனுமதித்தால், ஆபரேஷனுக்கு மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்கச் செய்கிறோம்.

இழந்த பெலன் திரும்புமா? 1990ல் அமெரிக்காவின் பாஸ்டனில், தொண்ணூறு வயதையொட்டிய சிலருக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி அளித்தார்கள். அவர்களுடைய கால் வலிமை சராசரியாக இரு மடங்குக்கும் மேலானது!

எல்லாருக்கும் பழைய நடை திரும்புவதில்லை என்பதும் உண்மை. வேலூர் சி.எம்.சி.யின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். அவர் மறுபடியும் நடக்கவில்லை. ஆனாலும் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்பு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். 1966ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் எழும்பியது அவருடைய உழைப்பினால்தான். தானாகக் குளிக்கவும், ஆலயத்துக்குப் போகவும், பிறருக்கு உதவவும் கூடுமானால் அதுவும் சுகமே.

இதற்கு மாதங்கள் ஆகும். ஆட்டோ வாடகை, துணைக்கு வரும் மகன் இழக்கும் தினக்கூலி, தினமும் முட்டை, பயறு எனச் செலவுகளும் தொடரும். இவற்றுக்குப் பயந்து பலர் பாதியிலே நின்றுவிடுகிறார்கள். ஆபரேஷனுக்குக் கொடுக்கும் நீங்கள், அதற்குப் பின்வரும் இந்த மாதங்களையும் தாங்கும்படி வேண்டுகிறேன்.

அலங்கார வாசலில் உட்கார்ந்திருந்தவர் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர். எழும்பச் சொன்னதோடு பேதுரு நிற்கவில்லை, கையையும் நீட்டினார். உங்கள் தெருவிலே படுத்திருக்கும் பெரியவருக்கும் அப்படியொரு கை தேவை. கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.