ஒலிக்கலவை மேசையும் சேமித்த காட்சிகளும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மேடையேறிப் பேசுவது எனக்கு வழக்கமன்று. என் இடம் அரங்கின் கடைக்கோடியில், ஒலிக்கலவை மேசைக்குப் பின்னால். அம்மேசையைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். சென்ற ஆண்டு நேர்ந்த ஒரு பிழைக்கு விடை கூறவேண்டிய கடமையும் எனக்கு உண்டு.

இறைவணக்கத்திற்கு இரண்டு மைக் போதும். நாடகத்திற்குப் பன்னிரண்டு வேண்டும். கச்சேரிக்கோ பாடகர், வயலின், மிருதங்கத்தின் இரு முகங்கள், தம்புரா என்று வேறொரு கணக்கு. எந்த மைக் எவ்வளவு ஒலிக்கவேண்டும், எது திறந்திருக்கவேண்டும், எது அடைபட்டிருக்கவேண்டும் என்னும் அமைப்பு முழுவதையும் ஓர் எண்ணின்கீழ் டிஜிட்டல் மிக்ஸர் நினைவில் வைத்துக்கொள்கிறது. இதற்குச் 'சீன்', அதாவது காட்சி என்று பெயர். நாடகக்காரர்களிடம் கடன் வாங்கிய சொல் போலும்! யமாஹாவின் சி.எல்., கியூ.எல். வரிசை மேசைகளில் 300 காட்சிகள் வரை சேமிக்கலாம். ஒன்றை அழைத்தால், மோட்டார் பொருத்திய ஃபேடர்கள் தாமாகவே ஓடி உரிய இடத்தில் நிற்கும். முதன்முறை பார்ப்போர் திடுக்கிடுவர்.

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் பேசிக்கொண்டிருந்தார். அடுத்து வரவிருந்த நாடகத்தின் முதற்காட்சியில் ஒரு மைக்கின் அளவைக் குறைத்து வைத்துவிட்டது என் நினைவுக்கு வந்தது. திருத்தலாம் என்று அக்காட்சியை அழைத்தேன். அழைத்த மாத்திரத்தில் அது அரங்கிற்கே வந்துவிடும் என்பதை அக்கணம் மறந்தேன். பெரியவரின் மைக் அடைபட்டது. அதனை அறியாது அவர் பேசிக்கொண்டேயிருந்தார். நான் தடுமாறிப் பழைய காட்சியை மீட்பதற்குள், சங்கம் தொடங்கிய நாளில் தம்முடன் நின்றவர்களின் பெயர்களைச் சொல்லி முடித்துவிட்டார். ஒலிப்பதிவும் அதே மேசையிலிருந்து சென்றமையால் அதிலும் அப்பெயர்கள் இல்லை.

இதற்கு மருந்து அம்மேசையிலேயே இருந்தது. 'பிரிவியூ' என்னும் முறை அது. அதனுள் நுழைந்து ஒரு காட்சியை அழைத்தால், அதன் அமைப்பு மேசைமீது மட்டும் தோன்றும். அரங்கில் ஒலிப்பது ஒலித்தபடியே இருக்கும். பார்க்கலாம், திருத்தலாம், மீண்டும் சேமிக்கலாம். ஆனால் கண்ணால்தான் திருத்தவேண்டும். செவிக்கு அங்கே வேலையில்லை. இன்னோர் ஆபத்தும் உண்டு. அவ்வேளையில் மேடை மைக் ஊளையிட்டால், ஃபேடரை இழுத்தும் பயனில்லை. நம் கை மாற்றுவது வரப்போகும் காட்சியையே. முதலில் வெளியே வரவேண்டும். ஆகவே ஒரே குரல் சீராகப் பேசும் நேரம் பார்த்து நுழைந்து, விரைவில் மீள்வதே நன்று. இவ்வாண்டு பேச்சாளர் மைக்கிற்கு 'ரீகால் சேஃப்' என்னும் காவலும் இட்டுள்ளேன். எக்காட்சியை அழைத்தாலும் அது அசையாது.

மறுவாரமே பெரியவர் இல்லம் சென்று அப்பெயர்களை எழுதிவர எண்ணினேன். இன்று நாளை என்று தள்ளிப்போட்டேன். அவர் இன்று நம்மிடையே இல்லை. முதல் வரிசையில் அமர்ந்திருந்தோர் செவியில் ஓரிரு பெயர்களேனும் விழுந்திருக்கலாம். நினைவுள்ளோர் விழா முடிந்ததும் என்னிடம் வந்து கூறுமாறு வேண்டுகிறேன். மேசைமேல் தாளும் பேனாவும் வைத்திருக்கிறேன்.